விலை இறங்கிய பிராசஸரில் எதை வெட்டியிருக்கிறார்கள்?

2020 நவம்பரில் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600எக்ஸ் பிராசஸர் 299 டாலருக்கு வந்தது. 2022 ஏப்ரலில் கிட்டத்தட்ட அதே சிப், பெயரிலிருந்த எக்ஸைக் கழற்றிவிட்டு 199 டாலருக்கு வந்தது. உச்ச வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4 ஆனது, அடிப்படை வேகமும் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். அப்படியானால் அந்த நூறு டாலர் எங்கே போனது?

இந்தச் சிப்புக்குள்ளே, கோர்கள் (கணக்குப் போடும் பகுதிகள்) இருக்கும் சிலிக்கான் சில்லு நகத்தளவுதான், சுமார் 81 சதுர மில்லிமீட்டர். தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் 300 மில்லிமீட்டர் சிலிக்கான் தட்டு ஒன்றில் நூற்றுக்கணக்கில் இவை உருவாகின்றன. எல்லாச் சில்லிலும் எட்டு கோர். ஆறு கோர் சில்லு என்று தனியாக எதுவும் செய்வதில்லை. ஒன்றிரண்டு கோர் பழுதானால் அவற்றை முடக்கி, ஆறு கோர் சிப்பாக விற்றுவிடுகிறார்கள். கொஞ்சம் வேகம் குறைந்த சில்லுக்கும் இப்படி ஒரு பெயர் கிடைத்துவிடும். கூடவே, 2022 ஜனவரியில் இன்டெல்லின் 12400 பிராசஸர் போட்டிக்கு வந்திருந்தது.

சரி, இந்த விலைக்குறைப்பில் நமக்கு லாபம். ஆனால் பக்கத்திலேயே 5500 என்று ஒன்று, 159 டாலருக்கு வந்தது. அதிலும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட் (கோருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை). அட்டைப்பெட்டியைப் பார்த்தால் தம்பி மாதிரிதான் தெரியும். உள்ளே வேறு சில்லு: கிராஃபிக்ஸோடு (திரைக்குப் படம் அனுப்பும் பகுதி) வரும் 5600ஜியில் உள்ளதுதான், கிராஃபிக்ஸை மட்டும் முடக்கியிருக்கிறார்கள். இதில் எல்3 கேஷ் 16 எம்பி, 5600இல் 32.

கேஷ் என்பது அடுப்பங்கரை அஞ்சறைப்பெட்டி. கடுகும் சீரகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் தாளிப்பு நிற்காது. பெட்டியில் இல்லையென்றால் பரணில் ஏறவேண்டும். அந்தப் பரண்தான் ரேம். எல்3இலிருந்து தகவல் வர சுமார் 10 நானோ நொடி, ரேமிலிருந்து வர அதைப்போலப் பல மடங்கு. அதுவரை கோர் சும்மா நிற்கும். கேம்களில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். டைப்பிங், பிரவுசர் மட்டும் என்றால் பெரிதாகத் தெரியாது, 5500 போதும். கேஷுக்காகவே 2022இல் 5800எக்ஸ்3டி என்ற சிப்பில் சில்லின் மேல் இன்னொரு அடுக்கு கேஷை ஒட்டி 96 எம்பி ஆக்கினார்கள். கேம் ஆடுகிறவர்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள்.

இதெல்லாம் ஏஎம்4 என்ற சாக்கெட் உள்ள மதர்போர்டில் உட்காரும், பழைய தலைமுறை டிடிஆர்4 ரேம் போதும். புதிய ஏஎம்5க்குப் போனால் டிடிஆர்5 ரேமும் வாங்கியே ஆகவேண்டும். சிப்பில் மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடும். கையில் பழைய ஏஎம்4 போர்டு இருந்தால் முதலில் பயாஸை (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்க போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் புதிய சிப்பை அதற்கு அடையாளம் தெரியாமல் போகலாம்.

அப்புறம் கிராஃபிக்ஸ். 5600இல் அது கிடையாது. இன்டெல்லில் பெயர் எஃப் என்று முடிந்தாலும் கிடையாது. நான் இதைக் கவனிக்காமல் வாங்கி, எல்லாவற்றையும் பூட்டி சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது, மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. நண்பனின் பழைய கிராஃபிக்ஸ் கார்டை ராத்திரி பத்து மணிக்கு இரவல் வாங்கி வந்து செருகியபிறகுதான் திரையில் எழுத்து வந்தது.