நுண்பாசிக்குக் கடல் எதற்கு?

ஆலைக் கழிவுநீரில் நுண்பாசி வளர்ப்பதைப் பற்றித் தமிழில் யாராவது எழுதினால் ‘நுண் கடற்பாசி’ என்று போட்டுவிடுகிறார்கள். போன வாரமும் ஒரு கட்டுரையில் கண்ணில் பட்டது. சாயப்பட்டறைத் தொட்டிக்குள் கடல் எப்படி வந்தது?

ஆங்கிலத்தில் இது ‘மைக்ரோஆல்கே’ (microalgae). ‘மைக்ரோ’ கிரேக்கம், சிறியது. ‘ஆல்கே’யின் ஒருமையான ‘அல்கா’ இலத்தீன், அங்கே அது கடற்பாசிதான். அதனால் மொழிபெயர்ப்பாளர் பக்கம் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அறிவியல் அந்தச் சொல்லைக் குளம் குட்டையில் வளர்வதற்கும் எப்போதோ விரித்துவிட்டது. தமிழில் கதையே தலைகீழ். பசுமையோடு உறவுள்ள ‘பாசி’ நமக்கு நன்னீர்ச் சொல். குறுந்தொகை 399-இல் பரணர் பசலைக்கு, அதாவது பிரிவால் மேனியில் படரும் நிறமாற்றத்துக்கு, உவமை சொல்வது ஊர்க் கேணியின் பாசியை: தொட்டால் விலகும், விட்டால் மூடிக்கொள்ளும். கடலில் இருப்பதைச் சொல்லத்தான் ‘கடல்’ என்ற அடை தேவைப்பட்டது. அதைக் கழற்றிவந்து குளோரெல்லா என்ற நன்னீர் நுண்பாசிக்கு மாட்டுவானேன்?

பாம்பன் பக்கம் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் கை நிறைய அள்ளக்கூடியவை. குளோரெல்லாவின் செல்லோ சில மைக்ரோமீட்டர்தான். தண்ணீர் பச்சையாவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ராணிப்பேட்டையில் கடற்பாசியிலிருந்து அல்ஜினேட் என்ற கெட்டியாக்கும் பொருளை எடுக்கும் ஆலை ஒன்றின் அமிலக் கழிவுநீரை, நுண்பாசி வளர்த்துச் சீராக்கினார்கள். பாசி கரியமில வாயுவை இழுக்க இழுக்க அமிலத்தன்மை குறையும். நீரில் மிஞ்சும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதற்கு உரம். இதைப் போய்க் ‘கடற்பாசிக் கழிவைக் கடற்பாசி சுத்தம் செய்கிறது’ என்று எழுதினால் படிப்பவர் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

‘அல்கா’ என்றே விட்டுவிடலாமே என்பார்கள். இலங்கைப் பாடநூல்களில் அப்படித்தான். அது தெளிவாகவாவது இருக்கிறது. ஆனால் ‘நுண்ணல்கா’ என் வாயில் நுழையவில்லை. பாசி என்றால் வழுக்கும் படிக்கட்டு ஞாபகம் வருமாம். வரட்டுமே, ‘நுண்’ சேர்ந்ததும் படிக்கட்டு போய்விடுகிறது.

சரி, பாசியை விடுங்கள். அதே கட்டுரையில் ‘சிகிச்சையளிக்கப்பட்ட கழிவுநீர்’ என்றும் இருந்தது. கழிவுநீருக்கு என்ன, காய்ச்சலா? ‘கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்’ என்று வாசல் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்ப் பாருங்கள், வார்டு எதுவும் கிடையாது.