பன்னிரண்டுக்குள் ஒளிந்திருந்த ஜாஸ்

கானாவின் தென்கிழக்கில், எவே மக்களின் ஆட்டக்களத்தில், பெரிய முரசைவிட முக்கியமான கருவி ஒன்று உண்டு. கங்கோகுயி என்று பெயர். இரும்பில் அடித்த இரட்டை மணி. தலைமை முரசுக்காரர் விருப்பம்போல் விளையாடலாம். மணிக்காரருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. தட்டிய கோலத்தையே தட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லோரும் அவரைக் கேட்டுத்தான் வாசிக்கிறார்கள்.

அந்தக் கோலத்தை நீங்களும் தட்டிப் பார்க்கலாம். "தக தக த தக தக தக த" என்று சீராகச் சொல்லி, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்திலும் மேசையில் தட்டுங்கள். ஒரு சுற்றுக்கு 12 துடிப்பு, 7 தட்டு. (கீபோர்டில் வெள்ளைக் கட்டைகள் ஏழும் இதே 2-2-1-2-2-2-1 இடைவெளியில்தான் அமர்ந்திருக்கின்றன. எண்கள் செய்யும் குறும்பு!)

பன்னிரண்டை 2, 3, 4, 6 எல்லாமே மீதியின்றி வகுக்கும். அதே சுற்றைத் "தகிட" என்று நான்கு முறையும் சொல்லலாம், "தகதிமி" என்று மூன்று முறையும் சொல்லலாம். ஆடுபவரின் கால் நான்காக நடக்கும்போது ஒரு துணை முரசு மூன்றாக நடக்கும். இரண்டும் சரி. முதன்முதலில் கேட்டபோது சுற்று எங்கே தொடங்குகிறது என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

இதற்குள் அமெரிக்காவின் ஜாஸ் இசை எப்படி நுழைந்தது? ஜாஸ் டிரம்மர் சிம்பல் என்ற உலோகத் தட்டில் தட்டும், ஊஞ்சல்போல் ஆடும் ஸ்விங் நடையில் ஒவ்வொரு அடியும், ஏட்டுக் கணக்குப்படி, மூன்றாகப் பிரியும். நான்கு அடிக்கு 12 துடிப்பு. மணி விழும் இடங்கள் 1, 3, 5, 6, 8, 10, 12. சிம்பல் விழும் இடங்கள் 1, 4, 6, 7, 10, 12. சிம்பலின் ஆறு தட்டுகளில் நான்கு மணியின் மேலேயே விழுகின்றன. ஜாஸின் வேர்களில் ஒன்று மேற்கு ஆப்பிரிக்கா. ஊர் திரும்பிய உறவுக்காரருக்குத் திண்ணையில் இடம் விட அதிக நேரம் ஆகவில்லை.

ராக், ஃபங்க் இசைகள் அப்படியல்ல. அவை அடியை நான்காக வெட்டுகின்றன, சுற்றுக்கு 16. இங்கே கோலத்தை இழுத்துப் பொருத்த வேண்டும். கானாவின் ஃபூமே-ஃபூமே ஆட்டத்தில் ஐந்து தட்டு, 2-2-3-2-3 என்று. அதைப் பதினாறுக்கு இழுத்தால் 3-3-4-2-4 கிடைக்கும். கானாவின் தலைநகர் அக்ராவின் க்பன்லோகோ ஆட்டத்தின் மணி அதுதான். கியூபாவில் அதற்கு சோன் கிளாவே என்று பெயர். 1969-இல் கானாவின் டெடி ஓசேய் லண்டனில் கரீபியக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு ஒசிபிசா என்ற ராக் இசைக்குழுவைத் தொடங்கியபோது, மின்கிட்டாருக்கும் கை முரசுக்கும் பொதுவான பாஷை ஏற்கெனவே இருந்தது.

ஆனால் இந்தக் கணக்கை உடம்பிலேயே ஏற்றிக்கொண்டவர் நைஜீரியாவின் லாகோஸில் பிறந்த டோனி ஆலன். நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டியின் டிரம்மர். மேக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி என்ற ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர். சாதாரண ராக் டிரம்மர் நான்கு அடிகளில் கால் முரசை ஒன்றிலும் மூன்றிலும் அறைவார், ஸ்னேர் என்ற கை முரசை இரண்டிலும் நான்கிலும். ஆலனின் கால் அந்த இடங்களை அடிக்கடி காலியாக விட்டு, பக்கத்து இடுக்கில் விழும். இரண்டு கை, இரண்டு கால், நான்கு ஆட்கள். ஃபெலா குழுவின் கிட்டார்களும் அப்படித்தான்: ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று இரண்டே சுரங்களை வைக்கும். தனியாக யாருமே வாசிக்காத ஒரு மெட்டை நம் காது அவற்றிலிருந்து கோத்தெடுக்கும்.

எதிர்பார்த்த இடத்தில் அடி விழாதபோது, அதை நிரப்ப நம் உடம்பே முன்வருகிறது. ஃபங்க் டிரம் துணுக்குகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. இப்படி அடி இடம் மாறி விழும் இடறல் மிகக் குறைவாக இருந்தாலும், மிக அதிகமாக இருந்தாலும் கேட்டவர்களுக்கு அவ்வளவாக ஆடத் தோன்றவில்லை. நடுத்தரமாக இருந்தபோதுதான் அந்த ஆசை உச்சத்தில் இருந்தது.

ஃபெலாவின் ஒரே பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கத்தை முழுதாக விழுங்கும். அவர் வாய் திறக்கவே பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் உங்கள் கால் மூன்றா நான்கா என்று முடிவு செய்திருக்கும்.