கால்டெரா என்னும் எரிமலைக் கொப்பரை

ஸ்பானிய மொழியில் கால்டெரா என்றால் அடுப்பில் ஏற்றிக் காய்ச்சும் பெரிய பாத்திரம். சூடானது எனப் பொருள்படும் ‘காலிடுஸ்’ என்ற லத்தீன் சொல் அதன் வேர். இந்தச் சமையலறைச் சொல் நிலவியலுக்குள் நுழைந்த இடம், அட்லாண்டிக்கில் உள்ள கேனரித் தீவுக்கூட்டம்.

அங்கே லா பால்மா தீவின் நடுவே, செங்குத்துச் சுவர்கள் சூழ்ந்த மாபெரும் பள்ளம் ஒன்று இருக்கிறது. அதன் விளிம்பிலுள்ள சிகரத்தின் உயரம் 2,426 மீட்டர். கால்டெரா டி தபூரியென்டே என்பது அதன் பெயர். 1815இல் அத்தீவுகளைச் சுற்றிப் பார்த்த ஜெர்மானிய நிலவியலாளர் லியோபோல்ட் ஃபொன் பூக், பின்னர் தம் நூலில் அப்பெயரை எடுத்தாண்டார். அங்கிருந்து அது எல்லா நாட்டு எரிமலைப் பள்ளங்களுக்கும் பொதுச்சொல்லாகப் பரவியது.

தரை கீழிருந்து உப்பி எழுந்ததால் இத்தகைய பள்ளங்கள் உண்டாயின என்று அவர் கருதினார். அந்தக் கருத்து நிற்கவில்லை. பெருவெடிப்பில் நிலத்தடிப் பாறைக்குழம்பு வெளியேறியதும், தாங்குவாரின்றி மலையின் மேற்பகுதி உள்ளே இடிந்து இறங்குகிறது. அப்படி உண்டாகும் அகன்ற பள்ளமே இன்று கால்டெரா. வியப்பு என்னவென்றால், பெயர் கொடுத்த தபூரியென்டே இந்த வகையில் சேராது. பெரும் மலைச்சரிவும் நீரரிப்பும் குடைந்த பள்ளம் அது.

தமிழில் கால்டெராவையும் ‘எரிமலைவாய்’ என்றே பலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வாய் என்பது கக்கும் இடம். அது எரிகுழம்பு வெளிவரும் துளையான கிரேட்டருக்குப் பொருந்தும். இடிந்து அமிழ்ந்த பள்ளத்துக்கு ‘எரிமலைக் கொப்பரை’ என்பதே சரி. கரும்புச்சாறு காய்ச்சுவதும் கொப்பரையில்தான், திருவண்ணாமலை உச்சியில் கார்த்திகை தீபம் எரிவதும் கொப்பரையில்தான். அகன்ற வாய், உயர்ந்த விளிம்பு, நெருப்போடு உறவு என மூன்றும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. காய்ந்த தேங்காயும் கொப்பரைதானே என்பார்கள். முன்னால் ‘எரிமலை’ நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது.

இந்த வேறுபாடு கண்காணிப்புச் செய்திகளில் மிகவும் தேவைப்படுகிறது. கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவுக்கூட்டம் கடல் புகுந்த ஒரு கொப்பரையின் விளிம்பு. அங்கே பாறைக்குழம்பு ஒரே வாயைத் தேடி வர வேண்டியதில்லை. விளிம்புப் பிளவிலோ, கடலுக்கடியிலோ கிளம்பலாம். ஆகவே நிலநடுக்கமானிகளையும் ஜி.பி.எஸ். நிலையங்களையும் தீவு தீவாகப் பரப்பி வைத்திருக்கிறார்கள். 2011 தொடக்கத்திலிருந்து ஓராண்டுக்கும் மேலாகச் சிறு அதிர்வுகள் தொடர்ந்தன. கொப்பரையின் அடித்தளம் உப்பியதால் சுற்றியுள்ள தீவுகள் வெளிப்புறமாகச் சில சென்டிமீட்டர் விலகின. வெடிப்பு நிகழவில்லை. 2025 பிப்ரவரியில் சாந்தோரினிக்கும் அருகிலுள்ள அமோர்கோஸ் தீவுக்கும் இடையே ஆயிரக்கணக்கான அதிர்வுகள் பதிவாயின. மிகப் பெரிய நிலநடுக்கத்தின் அளவு 5.3. ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டு வெளியேறினர். அப்போதும் வெடிக்கவில்லை.

லா பால்மாவிலோ 2021 செப்டம்பர் 11 அன்று அதிர்வுகள் தொடங்கி, எட்டே நாளில் மேற்குச் சரிவில் தரை பிளந்து எரிகுழம்பு வந்தது. அது தபூரியென்டேயில் இல்லை, கும்ப்ரே வியேஹா மலைமுகட்டில். அங்கே திறந்தவை எரிமலைவாய்கள். அச்செய்தியில் கொப்பரை என்று எழுதியிருந்தால் தவறு.