ஃபிட்ஸ் வந்தால் என்ன செய்வது என்று அம்மாவின் கைக்குத் தெரியட்டும்

வலிப்பு நோய் என்று தெரிந்த அன்று, மருந்துச் சீட்டோடு "பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். நடுராத்திரியில் குழந்தைக்குக் கை கால் வெட்டி இழுக்கும்போது அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வார்? அதனால், குழந்தைகள் நரம்பியல் பிரிவில் செவிலியராக இருக்கும் நான், அம்மாவையே அங்கே செய்து பார்க்கச் சொல்லிவிடுவேன்.

குழந்தையைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், எச்சில் வெளியே வடிந்துவிடும். கழுத்துப் பட்டனைத் தளர்த்த வேண்டும். கை காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. அப்புறம் கடிகாரம். பலரும் மறப்பது இதைத்தான். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும், ஆனால் பார்ப்பவருக்கு அரைமணி நேரம் போலிருக்கும். 5 நிமிடம் தாண்டினால் மருத்துவர் எழுதிக் கொடுத்த, வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரே, கூடவே 108. எத்தனை முறை அழுத்துவது என்பது குழந்தையின் எடையைப் பொறுத்தது. கேட்டு, பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

"எங்க அத்தை சாவிக்கொத்தோட ஓடி வருவாங்களே, என்ன சொல்றது?" என்று ஒரு இளம் தாய் கேட்டார். அடுத்த முறை மாமியாரையும் அழைத்து வரச் சொன்னேன். தானாக நிற்கும் நேரத்தில் கையில் சாவி இருப்பதால், சாவியால் நின்றதுபோல் தெரிகிறது என்று விளக்கினேன். வாயில் ஸ்பூன் வைத்தால் பல் உடையும், மூச்சும் அடைக்கும் என்றேன். அந்தப் பாட்டிக்குச் சும்மா நிற்க மனம் வராது, அது பாசம். சரி, நேரம் பார்ப்பதும் செல்போனில் வீடியோ எடுப்பதும் உங்கள் பொறுப்பு என்றேன். எந்தக் கை முதலில் துடித்தது, கண் எந்தப் பக்கம் போனது என்று அந்த வீடியோவில்தான் மருத்துவருக்குத் தெரியும்.

மருந்தைச் சரியாகக் கொடுத்தால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும். சிரப்பைச் சமையலறை ஸ்பூனில் ஊற்றாதீர்கள், சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். ஆறு மாதமாக வரவில்லையே என்று நீங்களாக நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம். பொதுவாக இரண்டு வருடமாவது வலிப்பே இல்லாமல் இருந்த பிறகுதான் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

"கர்ப்பத்துல நான் என்ன தப்பு செஞ்சேனோ" என்று அழுகிறவர்கள் நிறைய. நீங்கள் எதுவும் செய்யவில்லை அம்மா. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். ஒருக்களிப்பது, நேரம் பார்ப்பது, வாயில் எதுவும் வைக்காதது, இந்த மூன்றையும் உங்கள் போன் நம்பரோடு எழுதி வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.