பேனலில் குறை இல்லை, தொட்டியின் நிழலைப் பாருங்கள்

மொட்டை மாடியில் சோலார் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, பேனல் எந்தக் கம்பெனி, எத்தனை வாட் என்பதைத்தான். ஆனால் பழுதாகும் வரிசையில் பேனல் கடைசியில்தான் வரும். யூனிட் குறைகிறது என்று போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அகப்படுவது நிழல், ஒயர், ஜாயின்ட் இவற்றில் ஒன்று.

மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்பதால், பல வீடுகளில் 540 வாட் பேனல் 6 போடுகிறார்கள். தமிழ்நாட்டு வெயிலுக்கு இது சராசரியாக நாளொன்றுக்கு 12 யூனிட் தர வேண்டும். இந்த 6 பேனலும் சங்கிலி போல ஒரே வரிசையில் இணைந்தவை. ஒன்றில் ஓடும் அதே கரண்ட்தான் அடுத்ததிலும் ஓடும். ஒரு பேனலின் மூலையில் உள்ள சில செல்கள் மூடினாலே, உள்ளே இருக்கும் மூன்று பைபாஸ் டையோடுகளில் (மூடிய பகுதியைச் சுற்றிக் கரண்டைத் திருப்பிவிடும் பாகங்கள்) ஒன்று வேலை செய்து, அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு வரை ஒதுக்கிவிடும். அரச இலை ஒன்று ஒட்டிக் கிடந்தாலும் கணக்கில் தெரியும்.

மே மாதம் மாடியைப் பார்க்க வருபவர் "நிழலே இல்லை சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். அப்போது சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது, நிழல் எங்கிருந்து வரும்? டிசம்பர் கதை வேறு. சென்னையில் அந்த மாதம் நண்பகலில்கூட 4 மீட்டர் உயரத்துக்கு 3 மீட்டர் நிழல் வடக்கே விழும். காலை 9 மணிக்கு அதுவே வடமேற்காக 6 மீட்டரைத் தாண்டும். மாடிப்படி முடியும் இடத்து ஹெட்ரூமும் அதன் மேல் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்தால் அந்த உயரம் சுலபமாக வந்துவிடும். அதனால் பேனலைத் தொட்டிக்குத் தெற்கே வையுங்கள். முடியாவிட்டால் இந்தத் தூரத்தை அளந்து விட்டுத் தள்ளி வையுங்கள்.

சாய்வு தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி போதும். அதைவிடத் தட்டையாக வைத்தால் கீழ் ஓரத்தில் தண்ணீர் தேங்கி அழுக்குக் கோடு படியும். அதுவும் நிழல்தான். கழுவுவதை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். சுட்ட கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. போர் தண்ணீர் என்றால் காய விடாமல் உடனே வழித்தெடுங்கள். உப்புக்கறை ஒருமுறை பிடித்துவிட்டால் பிறகு லேசில் போகாது.

பேனலின் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர், உச்சி வெயிலில் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறதா? திரையில் வோல்டேஜைப் பாருங்கள். 250ஐத் தாண்டினால் பல இன்வெர்ட்டர்கள் தாமாகவே விலகிக்கொள்ளும். இன்வெர்ட்டர் முனையிலும் மீட்டர் முனையிலும் ஒரே நேரத்தில் அளந்தால் காரணம் பிடிபடும். 30 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டிருந்தால், 13 ஆம்பியரில் மீட்டர் முனையைவிட இன்வெர்ட்டர் முனையில் கிட்டத்தட்ட 6 வோல்ட் எகிறும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இரண்டரை வோல்ட்டோடு நிற்கும். இரு முனையிலும் வித்தியாசம் இல்லாமல் வோல்டேஜ் ஏறியே இருந்தால் கோளாறு இபி லைனில். அங்கேதான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கரண்ட் கட் ஆனால் சோலாரும் நிற்பது பழுதல்ல. கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. பேட்டரி இல்லாமல் இபி லைனோடு இணைந்து ஓடும் எந்த ஆன்-கிரிட் அமைப்பும் அப்படித்தான்.

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் டிசி பக்கம், அதாவது பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை. அங்கே 250 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. ஏசியில் கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அறுபடும்; டிசியில் அந்த இடைவெளியே கிடையாது, பொறி நீண்டு எரியும். டிசி பெட்டியில் சாதாரண ஏசி எம்சிபி (தானே விழும் பாதுகாப்பு சுவிட்ச்) மாட்டியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பேனல் ஒயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரில் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்காமல் அதற்கான கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். இரண்டில் எது தவறினாலும் ஜாயின்ட் சூடேறி, பிளாஸ்டிக் உருகிய தடம் தெரியும்.

கழற்ற வேண்டி வந்தால் முதலில் ஏசி சுவிட்ச், அடுத்து டிசி ஐசொலேட்டர் (டிசி பக்கத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), அதன் பிறகே கனெக்டர். வெயில் நேரத்தில் இவற்றை அணைக்காமல் கனெக்டரை இழுத்தால் கையிலேயே பொறி வெடிக்கும்.