கைப்பேசித் தமிழும் குழந்தையின் பேச்சும்

பேச்சு, மொழி சிகிச்சையாளராக நான் சந்திக்கும் சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோர் பலர், “நாங்கள் பிள்ளைக்குக் கைப்பேசியில் கண்டதையும் காட்டுவதில்லை, தமிழ்ப் பாட்டுதான் போட்டுக் கொடுக்கிறோம். நாங்கள் ஆங்கிலத்திலேயே பேசிவிடுகிறோம், அதிலாவது தமிழ் காதில் விழட்டும்” என்கிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கு வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுவோர் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டினர்தாம் என்பதால் அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆயினும், இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்குக் கைப்பேசியால் தமிழ் வராது என்பதை அவர்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் குழந்தைகளின் மொழிக் கற்றலை ஆராயும் பட்ரிஷியா கூல் குழுவினர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த 9 மாதக் குழந்தைகளுடன், மாண்டரின் பேசுவோர் எதிரே அமர்ந்து 12 அமர்வுகள் விளையாடிப் பேசியபோது, அக்குழந்தைகள் அம்மொழிக்குரிய ஒலி வேறுபாட்டை இனங்கண்டுகொண்டன. அதே பேச்சைக் காணொளியிலோ ஒலிப்பதிவிலோ பெற்ற குழந்தைகளிடம் அந்தக் கற்றல் நிகழவில்லை. குழந்தை எங்கே பார்க்கிறது, எதற்குச் சிணுங்குகிறது என்று கவனித்து அதற்கேற்ப மறுமொழி சொல்ல எதிரே ஓர் ஆள் வேண்டும்.

சோறூட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்த கைப்பேசியில் பாட்டு ஓட, பிள்ளை திரையிலிருந்து கண்ணெடுக்காமல் வாயை மட்டும் திறக்கிறது. கரண்டியில் ரசஞ்சோறா தயிர்ச்சோறா என்றுகூட அது பார்ப்பதில்லை. “சூடா இருக்கா? ஊதட்டுமா? இன்னும் ஒரு வாய்... போதுமா?” என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லாமல் போகிறது. சூடு, ஊது, இன்னும், போதும், வேணாம் என்று பிள்ளைக்கு அன்றாடம் தேவைப்படும் சொற்கள் அந்தக் கிண்ணத்தைச் சுற்றித்தான் பழக்கத்துக்கு வருகின்றன. ஒன்று முதல் பத்து வரை பிசகின்றிச் சொல்லிவிட்டு, தாகம் எடுத்தால் “தண்ணி” என்று கேட்கத் தெரியாமல் அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கும் பிள்ளைகளைக் காணும்போது மனம் கனக்கிறது.

பெரியவர்கள் கையிலுள்ள கைப்பேசியும் இதில் சேர்த்திதான். பிள்ளை ஜன்னலைக் காட்டி “கா” என்னும்போது, குறுஞ்செய்தியிலிருந்து தலைநிமிர்ந்து “ஆமா, காக்கா!” என்று சொல்ல ஆள் இருக்க வேண்டும்.

சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 18 மாதத்துக்கு உட்பட்டோருக்குத் திரை கூடாது; 18 மாதம் முதல் 6 வயது வரை, பள்ளி நேரம் நீங்கலாக, நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும்; சாப்பாட்டு வேளையிலும் உறங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும் அறவே வேண்டாம். காணொளி அழைப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. ஊரிலிருக்கும் பாட்டி “என்னடா தங்கம், சாப்பிட்டியா?” என்று கேட்டுப் பிள்ளையின் மழலைக்குப் பதில் சொல்கிறார் அல்லவா, அது உண்மையான உரையாடல்.

பேச்சுத் தாமதத்துக்குச் செவித்திறன் குறைவு, ஆட்டிசம் எனப் பல காரணங்கள் இருக்கலாம் என்பதால், பழியை முழுதும் கைப்பேசிமேல் போட்டுவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. 18 மாதமாகியும் விரல் நீட்டிக் காட்டாத, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையை, கைப்பேசியை நிறுத்திய அதே வாரத்திலேயே பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்று, பிள்ளையின் சுகாதாரக் கையேட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.