கரி எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்?

மதுபான மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்வது என் தொழில். ஒருமுறை என் மேசைக்கு வந்த குப்பி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தானியத்தில் காய்ச்சிய சாராயம் என்றார்கள். சுனைநீர் போன்ற தெளிவு. உறுத்தும் வாடை துளியும் இல்லை. “மூன்று முறை கரியில் வடிகட்டியது, இதில் நஞ்சு ஏது?” என்று கேட்டார் கொண்டுவந்தவர். சோதித்தபோது மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் ஏராளமாக இருந்தது.

தானியத்தை நொதிக்க வைத்தால் மெத்தனால் மிகச் சொற்பமாகவே உண்டாகும். பழத்தோலில் உள்ள பெக்டின் போன்ற மூலப்பொருள் தானியத்தில் குறைவு. ஆகவே தானியச் சாராயத்தில் அது அதிகம் தென்பட்டால், தொழிற்சாலைகளுக்கான மெத்தனாலை யாரோ கலந்திருக்கிறார்கள் என்றே முதலில் சந்தேகிப்பேன். அப்படிக் கலந்ததைக் கரியால் மீட்க முடியுமா? முடியாது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

செயலூட்டப்பட்ட கரி ஒரு கிராமில் பல நூறு சதுர மீட்டர் உட்பரப்பு இருக்கும். தரமானதில் 1,000-ஐயும் தாண்டும். நீரோடு எளிதில் ஒட்டாத, சற்றே பெரிய மூலக்கூறுகள் அந்த நுண்துளைகளில் ஒட்டிக்கொள்ளும். சாராயத்தின் காரமான வாடைக்குக் காரணமான ஃபியூசல் எண்ணெய்கள் அந்த வகை. அதனால்தான் வடித்ததில் நீர் சேர்த்து, ஆல்கஹால் அளவை 40 முதல் 45 விழுக்காட்டுக்குக் குறைத்து, மெதுவாகக் கரி வழியே விடுகிறார்கள். நீர் கூடக்கூட எண்ணெய்கள் கரியை நாடும்; செறிவான சாராயத்தில் அவை கரைந்தே கிடக்கும்.

மெத்தனால், சாராயத்தில் போதை தரும் எத்தனாலைவிடவும் சிறிய மூலக்கூறு. நீரோடு முழுதாகக் கலந்துவிடும். கரிக்கு அதன்மீது தனிப் பிடிப்பு கிடையாது. மூன்று முறை அல்ல, முப்பது முறை விட்டாலும் பெரும்பகுதி அப்படியே வெளியேறும். அதன் வாசனையும் எத்தனாலை ஒத்ததே என்பதால் மூக்கும் நாக்கும் இதில் சாட்சி ஆகா. மெத்தனால் 64.7 டிகிரியிலும் எத்தனால் 78.4 டிகிரியிலும் கொதிப்பதால், முதலில் வடிவதைக் கொட்டிவிட்டால் போதும் என்பாரும் உண்டு. நீரோடு கலந்த நிலையில் இரண்டும் அத்தனை ஒழுங்காகப் பிரிவதில்லை.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், நிறத்தையும் வாடையையும் கரி ஈர்ப்பதைச் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லோவிட்ஸ் என்ற வேதியியலாளர் கண்டறிந்தார். பின்னர் வோட்கா அந்த வழியே வந்தது. டென்னசி விஸ்கியை மேப்பிள் மரக்கரியில் ஊறி இறங்கவிடுகிறார்கள். இரண்டுமே நல்ல சாராயத்தின் சுவையை மெருகேற்றும் வேலை.

மணலில் வடிகட்டினால் மிதக்கும் துகள்கள் சிக்கும், அவ்வளவுதான். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் போட்டுச் ‘சுத்தம்’ செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது எத்தனாலையே ஆக்சிஜனேற்றி, தீங்கான அசெட்டால்டிஹைடை உண்டாக்கும். நீருக்கென்று செய்த பிளாஸ்டிக் வடிகட்டியில் செறிந்த சாராயத்தை ஊற்றினால், பிளாஸ்டிக்கில் உள்ள பொருள்களைச் சாராயம் கரைத்து எடுத்துக்கொள்ளும். பயன்படுத்திய கரியை அடுப்பில் உலர்த்தவும் கூடாது. அதில் ஊறியிருக்கும் ஆல்கஹாலின் ஆவி தீப்பிடிக்கும்.

மெத்தனால் உடலுக்குள் ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. பார்வை நரம்பைத் தாக்குவது அந்த அமிலமே. குடித்தவுடன் வழக்கமான போதைதான் தெரியும். தொல்லை பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தலைகாட்டும். எத்தனாலும் சேர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். கண்முன் பனிமூட்டம், வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் போதை தெளியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மாற்று மருந்தும் டயாலிசிஸும் நேரத்தோடு கிடைத்தால் உயிரையும் பார்வையையும் காக்க வாய்ப்பு உண்டு. குப்பியில் மிச்சம் இருந்தால் கொட்டாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சோதிக்க அது தேவைப்படும். அதே குப்பியில் குடித்த மற்றவர்களையும், நன்றாக இருப்பதாக அவர்கள் சொன்னாலும், கூடவே அழைத்துச் செல்லுங்கள்.